ஏ.பி. தேர்வில் 5, வகுப்பில் பி: கிரேடை எதிர்த்து முறையிட இடமிருக்கிறதா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கல்வியாண்டு முடியும்போதே வகுப்புக் கிரேடுகள் முடிவாகி, டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் மதிப்பெண் பதிவேட்டில் ஏறிவிடுகின்றன. மே மாதம் எழுதிய ஏ.பி. தேர்வின் முடிவோ ஜூலையில்தான் வருகிறது. ஆண்டு முழுவதும் கால்குலஸ் வகுப்பில் பி வாங்கிய பிள்ளைக்குத் தேர்வில் உச்ச மதிப்பெண்ணான 5 வந்து நிற்கும்போது, அந்த வீட்டில் எழும் கேள்வி இயல்பானதே. நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு தேர்வு இந்தப் பிள்ளைக்குப் பாடம் நன்றாகத் தெரியும் என்று சொல்லிவிட்ட பிறகு, அரைகுறையாகத்தான் தெரியும் என்று சொல்வதுபோல் இருக்கும் வகுப்புக் கிரேடு எப்படிச் சரியாக இருக்க முடியும்? அதை மாற்றும்படி பள்ளியிடம் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் தேர்வில் 5 வந்தது என்பது மட்டுமே கிரேடை மாற்றப் போதிய காரணம் ஆகாது. கிரேடு போட்ட முறையில் எங்கேனும் பிழை நேர்ந்திருக்கலாம் என்று தேடிப் பார்க்கச் சொல்லும் தடயமாகவே அதைக் கொள்ள வேண்டும். காரணத்துக்கும் தடயத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதப்படும் முறையீடுகள் முதல் மின்னஞ்சலிலேயே வலுவிழந்துவிடுகின்றன. நியாயமான குறை உள்ள பிள்ளைகளும் அதனால் பாதிக்கப்படுகிறார்கள்.

## முதலில் சில சொற்கள்

ஏ.பி. என்பது கல்லூரி முதலாண்டுத் தரத்திலான பாடங்களைப் பள்ளியிலேயே கற்பிக்கும் திட்டம். காலேஜ் போர்டு என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு 1955 முதல் இதை நடத்தி வருகிறது, கல்லூரி சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை நடத்துவதும் இதுவே. ஒவ்வோர் ஏ.பி. பாடத்துக்கும் இரண்டு தனித்தனி விளைவுகள் உண்டு. ஒன்று, பள்ளி ஆசிரியர் போடும் கிரேடு: பெரும்பாலான பள்ளிகளில் 90க்கு மேல் ஏ, 80க்கு மேல் பி, 70க்கு மேல் சி. மற்றொன்று, மே மாதத் தேர்வுக்குக் காலேஜ் போர்டு வழங்கும் 1 முதல் 5 வரையிலான மதிப்பெண்.

வகுப்புக் கிரேடுகளின் சராசரி ஜி.பி.ஏ. எனப்படுகிறது. கல்லூரி சேர்க்கையில் முதலில் பார்க்கப்படுவது அதுதான் என்பதால், ஒரு பி ஏ ஆவதும் ஆகாமல் போவதும் குடும்பங்களுக்குச் சிறிய விஷயமாகத் தோன்றுவதில்லை. சிலபஸ் என்ற சொல்லுக்கும் இங்கே தனிப்பொருள் உண்டு. நம் ஊரில் அது பாடத்திட்டத்தைக் குறிக்கும். அமெரிக்க வகுப்பறையில் அது, எந்த வேலைக்கு எத்தனை விழுக்காடு, தாமதமாகக் கொடுத்தால் எவ்வளவு குறையும், மறுதேர்வு உண்டா இல்லையா என்று ஆசிரியர் ஆண்டின் தொடக்கத்தில் எழுதிக் கொடுக்கும் விதித்தாள். முறையீடு என்று வந்தால் அந்தத் தாளைச் சுற்றியே எல்லாம் நடக்கும்.

## 5க்கும் ஏவுக்கும் ஒரே பொருள் இல்லை

5 என்பது உச்சம், ஏ என்பதும் உச்சம், ஆகவே இரண்டும் ஒன்றுக்கொன்று இணை என்று எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

ஏ.பி. கால்குலஸ் தேர்வுகளில் மேல்நிலையிலுள்ள கால்குலஸ் பி.சி. தேர்வை எடுத்துக்கொள்வோம். கொள்குறி வினாக்களுக்குப் பாதி, விரித்து எழுதும் வினாக்களுக்குப் பாதி என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டு, இரண்டும் சேர்ந்த கூட்டு மதிப்பெண் பின்னர் 1 முதல் 5 வரையிலான அளவுக்கு மாற்றப்படுகிறது. காலேஜ் போர்டு முன்பு வெளியிட்ட பழைய வினாத்தாள்களோடு இணைந்து வந்த மாற்று அட்டவணைகளைப் பார்த்தால், கூட்டு மதிப்பெண்ணில் 70 விழுக்காட்டுக்கும் குறைவாக எடுத்தவர்களும் 5 பெற்றிருக்கிறார்கள். வகுப்பில் அதே 70 விழுக்காடு சி ஆகிவிடும். கல்லூரியில் அதே பாடத்தைப் படித்து மிக நல்ல கிரேடு வாங்கும் மாணவர் எவ்வளவு எழுதுவாரோ அந்த அளவை எல்லையாக வைத்தே 5 தீர்மானிக்கப்படுகிறது என்பதால், கடினமான வினாத்தாளில் எல்லை கீழே வருவதில் தவறேதும் இல்லை. 5 என்பது பாடத்தில் பிழையே இல்லாத தேர்ச்சி என்று பொருள்படாது என்பதைத்தான் இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். மேலும், பி.சி. தேர்வை எழுதுவோரில் பத்தில் நான்கு பேருக்கு மேல் அண்மை ஆண்டுகளில் 5 வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் தங்கள் வகுப்பில் ஏ வாங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க இயலாது.

காலமும் வேறு. தேர்வு மே மாதத்தில் ஒரு நாள், மூன்று மணி நேரச் சொச்சம் நடக்கிறது. அன்று மாணவருக்கு என்ன தெரிகிறது என்பதை மட்டும் அது பார்க்கிறது. வகுப்புக் கிரேடோ ஏறத்தாழ 180 பள்ளி நாள்களின் சராசரி. அக்டோபரில் கால்குலஸின் அடிப்படைக் கருத்தான லிமிட் புரியாமல் திணறிய மாணவர் மார்ச் மாதத்தில் அதைத் தெளிவாகக் கற்றிருந்தாலும், அக்டோபர்த் தேர்வில் வாங்கிய 62, ஆசிரியரின் மதிப்பெண் கணக்கான கிரேடுபுக்கில் அப்படியே இருக்கும். சராசரி என்பது பழையதை மறப்பதில்லை. இதைக் குறையாகவும் சொல்லலாம், ஆண்டு முழுவதும் உழைக்கத் தூண்டும் ஏற்பாடாகவும் சொல்லலாம். இரண்டு விளைவுகளும் வேறுபடுவதற்குப் பல வீடுகளில் இதுவே உண்மையான காரணம்.

மூன்றாவதாக, வகுப்புக் கிரேடு அறிவை மட்டும் அளப்பதில்லை. வீட்டுப்பாடம், குழுப்பணி, ஆய்வக அறிக்கை, வகுப்பில் பங்கேற்பு, உரிய நாளில் ஒப்படைத்தல் ஆகியவையும் அதில் கலந்திருக்கின்றன.

## ஒரு பி எப்படி உருவாகிறது

சிலபஸில் தேர்வுகளுக்கு 60 விழுக்காடு, சிறுதேர்வுகளுக்கு 20, வீட்டுப்பாடத்துக்கு 20 என்று இருப்பதாகக் கொள்வோம். ஒரு மாணவரின் தேர்வுச் சராசரி 94, சிறுதேர்வுச் சராசரி 88, பாதிக்குமேல் ஒப்படைக்காததால் வீட்டுப்பாடச் சராசரி 45. கணக்கு இப்படி வரும்:

1. தேர்வுகள்: 94இல் 60 விழுக்காடு, 56.4.
2. சிறுதேர்வுகள்: 88இல் 20 விழுக்காடு, 17.6.
3. வீட்டுப்பாடம்: 45இல் 20 விழுக்காடு, 9.0.

மொத்தம் 83.0. கிரேடு பி. வீட்டுப்பாடச் சராசரி 85 ஆக இருந்திருந்தால் அந்தப் பகுதி 17.0 ஆகி, மொத்தம் 91.0 ஆகியிருக்கும், கிரேடு ஏ. இந்த மாணவர் ஏ.பி. தேர்வில் 5 வாங்குவதில் வியப்பே இல்லை, ஏனெனில் தேர்வு எழுதும் திறன் அவரிடம் ஆண்டு முழுவதும் இருந்தது. அவருடைய பி பாட அறிவின் குறையைச் சொல்லவில்லை. ஒப்படைக்காத தாள்களின் எண்ணிக்கையைச் சொல்கிறது. சிலபஸ் அப்படித்தான் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தால் அந்தப் பி விதிப்படி சரியானதே.

பூஜ்யத்தின் எடையையும் கவனிக்க வேண்டும். நான்கு வேலைகளில் 95 வாங்கி ஒன்றை ஒப்படைக்காமல் விட்டால், 380ஐ ஐந்தால் வகுத்துச் சராசரி 76 ஆகிறது. ஏவுக்கு உரிய மாணவர் ஒரே தாளால் சிக்கு இறங்கிவிடுகிறார். ஏ, பி, சி, டி ஆகிய நான்கு கிரேடுகளும் 60 முதல் 100 வரையிலான இடைவெளியில் அடங்கியிருக்க, தோல்வியைக் குறிக்கும் எஃப் மட்டும் 0 முதல் 59 வரை பரந்து கிடப்பதால் நேரும் விளைவு இது. இதனால்தான் சில பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) ஒப்படைக்காத வேலைக்கும் குறைந்தபட்சம் 50 போட வேண்டும் என்று விதி செய்தன. அப்படிப் போட்டால் மேற்சொன்ன மாணவரின் சராசரி 86 ஆகும். செய்யாத வேலைக்கு மதிப்பெண்ணா என்று இதை எதிர்ப்பவர்களும் நிறைய உண்டு. டெக்சஸ் மாநிலம் எதிர்த்திசையில் சட்டமே இயற்றியிருக்கிறது: வேலையின் தரத்தைப் பாராமல் குறைந்தபட்ச மதிப்பெண் போடும்படி ஆசிரியரைப் பள்ளி மாவட்டம் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதன் கல்விச் சட்டம் சொல்கிறது.

ஆகவே, முறையீடு பற்றி யோசிக்கும் குடும்பம் முதலில் செய்ய வேண்டியது கிரேடுபுக்கைத் திறந்து இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்ப்பதுதான். கிரேடு எங்கே இறங்கியது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

## தமிழ்நாட்டில் படித்த பெற்றோருக்கு இது ஏன் புதிராகிறது

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வியில் வளர்ந்து அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோரின் மனத்தில் வேறொரு வரைபடம் இருக்கிறது. அங்கே காலாண்டுத் தேர்வும் அரையாண்டுத் தேர்வும் பயிற்சி ஓட்டங்கள்; பிளஸ் 2 மதிப்பெண் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. பாடம் ஒன்றுக்கு 100 மதிப்பெண்ணில் அகமதிப்பீட்டுக்கு 10 மட்டுமே. செய்முறைத் தேர்வு உள்ள பாடங்களில் அதற்குரிய பங்கு போக, மற்றவற்றைத் தீர்மானிப்பது, மாணவர் யாரென்றே தெரியாத ஒருவர் திருத்தும் பொதுத்தேர்வு விடைத்தாள். அதில் ஐயம் வந்தால் விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று படிப்படியாக ஒரு வழி இருக்கிறது. வகுப்பாசிரியர் போட்ட மதிப்பெண்ணுக்கு எதிராகப் பொதுத்தேர்வு மதிப்பெண் வந்தால், பொதுத்தேர்வு சொல்வதே உண்மை என்பது அந்த முறையில் ஐயத்துக்கு இடமில்லாதது.

அமெரிக்காவில் அதிகாரம் தலைகீழாக அமைந்திருக்கிறது. பதிவேட்டில் நிலைக்கும் எண்ணை எழுதுபவர் வகுப்பாசிரியர். வெளித்தேர்வு ஒரு துணைச் சான்று. ஏ.பி. வகுப்பில் படித்துவிட்டுத் தேர்வை எழுதாமலே விடும் மாணவர்கள் பலர்; வகுப்பே எடுக்காமல் தேர்வை மட்டும் எழுதுவோரும் உண்டு. இரண்டும் தனித்தனிப் பாதைகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. தமிழ்நாட்டு முறை முகம் பாராதது, அதனால் நடுநிலையானது. ஆனால் ஒரு நாள் காய்ச்சல் ஓராண்டு உழைப்பைக் கெடுத்துவிடும். அமெரிக்க முறை அந்த அபாயத்தைத் தவிர்க்கிறது. மாறாக, ஒற்றை ஆசிரியரின் தீர்ப்பில் பெரும் நம்பிக்கை வைக்கிறது. அந்த நம்பிக்கைக்குச் சட்டமும் துணை நிற்கிறது.

## சட்டம் என்ன சொல்கிறது

கலிபோர்னியா கல்விச் சட்டத்தின் 49066ஆம் பிரிவு இதை நேரடியாகப் பேசுகிறது. எழுத்துப் பிழை அல்லது கணக்கீட்டுப் பிழை, மோசடி, தீய நோக்கம், ஆசிரியரின் தகுதியின்மை ஆகியவை இல்லாதபோது, ஆசிரியர் தீர்மானித்த கிரேடே இறுதியானது. பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்கும் வாரியமோ அதன் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளரோ கிரேடை மாற்ற நினைத்தாலும், இயன்றவரை அந்த ஆசிரியர் தம் காரணங்களைச் சொல்ல வாய்ப்பளித்து, அது பற்றிய பேச்சுகளில் அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டெக்சஸ் கல்விச் சட்டத்தின் 28.0214ஆம் பிரிவும் ஆசிரியர் தந்த கிரேடு இறுதி என்றே தொடங்குகிறது. அது தன்னிச்சையானதாகவோ, பிழையானதாகவோ, மாவட்டத்தின் கிரேடு விதிகளுக்கு மாறானதாகவோ இருப்பதாக மாவட்டத்தின் வாரியமான அறங்காவலர் குழு முடிவு செய்தால் மட்டும் மாற்றலாம். அந்தக் குழுவின் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது.

இந்த இரண்டு பட்டியல்களிலும், வெளித்தேர்வில் நல்ல மதிப்பெண் என்ற ஒன்று இல்லை. முறையீடு எழுதும் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஃபெர்பா என்று அழைக்கப்படும் 1974ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தைச் சில பெற்றோர் துணைக்கு அழைப்பதுண்டு. கல்விப் பதிவேடுகளைப் பார்வையிடும் உரிமையை அது தருகிறது. கேட்ட 45 நாள்களுக்குள் பள்ளி காட்ட வேண்டும். பதிவு தவறாக இருந்தால் திருத்தக் கோரும் உரிமையும் உண்டு. ஆனால் ஆசிரியர் 83 என்று கணித்ததைப் பதிவேட்டில் 73 என்று ஏற்றிவிட்டால் மட்டுமே அது உதவும். 83 என்பதே நியாயமில்லை என்று வாதாட அந்தச் சட்டம் இடம் தராது. ஆயினும் பார்வையிடும் உரிமையை மதிப்பற்றதாக எண்ண வேண்டாம். பிழையைக் கண்டுபிடிக்க முதலில் தேவைப்படுவது தாள்களே.

நீதிமன்றங்களும் இந்தப் போக்கிலேயே நின்றிருக்கின்றன. ஒழுங்கு நடவடிக்கையாக மாணவரைப் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்வதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1975இல் காஸ் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 1978இல் ஹொரோவிட்ஸ் வழக்கில், கல்வித் தரம் பற்றிய முடிவுகளுக்கு அத்தகைய விசாரணை தேவையில்லை என்று பிரித்துச் சொன்னது. 1985இல் வந்த யூயிங் வழக்கு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது, அதன் மையத்திலேயே ஒரு பொதுத் தேர்வு இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் தேசிய மருத்துவத் தேர்வு வாரியத்தின் தேர்வில் தோற்றார். மறுபடி எழுத அனுமதிக்காமல் பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. பேராசிரியர்கள் தங்கள் தொழில்சார் தீர்ப்பைச் செலுத்தவே இல்லை என்று கருதும் அளவுக்கு ஏற்கப்பட்ட கல்வி நெறிகளிலிருந்து முடிவு விலகியிருந்தாலன்றி, நீதிபதிகள் அதில் தலையிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தேர்வில் தோற்றவருக்குச் சொல்லப்பட்ட அந்த நெறி, தேர்வில் வென்றவருக்கும் அப்படியே பொருந்துகிறது: தேர்வு மதிப்பெண்ணுக்கு என்ன எடை தருவது என்பது கல்வி நிறுவனத்தின் முடிவு.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். பென்சில்வேனியாவில் கம்பர்லேண்ட் வேலி பள்ளி மாவட்ட மாணவி ஒருவர் பள்ளிச் சுற்றுலாவில் மது அருந்தியதற்காக இடைநீக்கம் செய்யப்பட்டார். அத்தோடு அவருடைய கிரேடுகளும் குறைக்கப்பட்டன. அந்தக் குறைப்பு, மாணவியின் கல்வித் தேர்ச்சியைத் தவறாகக் காட்டுவதாகும் என்று கூறி, அம்மாநிலத்தின் காமன்வெல்த் நீதிமன்றம் 1984இல் அதை ஏற்க மறுத்தது. நடத்தைக்குத் தண்டனையாகக் கிரேடு வெட்டப்பட்டிருந்தால் வழக்கின் தன்மையே மாறிவிடும். எல்லா மாநில நீதிமன்றங்களும் இதே முடிவுக்கு வந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது என்றாலும், கேட்கத் தகுந்த கேள்வி அது.

## வெளித்தேர்வு கிரேடில் சேரும் இடங்கள்

சில மாநிலங்களில் இரண்டு அளவுகோல்களையும் விதியே இணைத்திருக்கிறது. புளோரிடாவில் அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, உயிரியல், அமெரிக்க வரலாறு போன்ற பாடங்களின் மாநில இறுதித் தேர்வு, பாடக் கிரேடில் 30 விழுக்காடாகச் சேர்கிறது. வட கரோலினாவில் மாநில இறுதித் தேர்வுக்கு 20 விழுக்காடு என்பது நெடுநாளைய விதி. இவை ஏ.பி. தேர்வுகள் அல்ல; பள்ளி ஆண்டு முடியும் முன்பே முடிவு தெரிந்துவிடும் மாநிலத் தேர்வுகள்.

ஏ.பி.யில் 4 அல்லது 5 வாங்கினால் வகுப்புக் கிரேடை ஒரு படி உயர்த்தும் ஆசிரியர்களும் பள்ளிகளும் ஆங்காங்கே உண்டு. உங்கள் பள்ளியின் சிலபஸிலோ மாணவர் கையேட்டிலோ அப்படி ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், நீங்கள் செய்யப்போவது முறையீடே அல்ல, விதியை நிறைவேற்றச் சொல்லும் விண்ணப்பம். ஆகவே வேறெதையும் எழுதுவதற்கு முன் அந்த வரி இருக்கிறதா என்று தேடிவிட வேண்டும்.

## எந்தக் குறை நிற்கும், எது நிற்காது

கிரேடுபுக்கைப் பார்த்த பிறகு கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் தென்பட்டால் முறையீட்டுக்கு வலுவுண்டு.

1. கணக்கீடு அல்லது பதிவுப் பிழை. ஒப்படைத்த தாள் பூஜ்யமாகப் பதிவாகியிருப்பது, மறுதேர்வு மதிப்பெண் ஏற்றப்படாதது, மென்பொருளில் விழுக்காடுகள் சிலபஸுக்கு மாறாக அமைந்திருப்பது. கிரேடு மாறும் நிகழ்வுகளில் எளிதாகவும் சச்சரவின்றியும் முடிபவை இவையே.
2. சிலபஸ் மீறல். வீட்டுப்பாடத்துக்கு 20 விழுக்காடு என்று அறிவித்துவிட்டு ஆண்டின் நடுவே எழுத்து மூலமான அறிவிப்பின்றி 35 ஆக்கியிருந்தால், அது அறிவிக்கப்பட்ட விதிக்கு மாறானது.
3. மாணவர்களைச் சமமாக நடத்தாமை. ஒரே தாமதத்துக்கு ஒருவருக்கு மன்னிப்பும் மற்றவருக்குப் பூஜ்யமும் கிடைத்திருப்பது.
4. மறுக்கப்பட்ட சலுகை. கற்றல் குறைபாடோ உடல்நலக் குறையோ உள்ள மாணவருக்கு 504 திட்டத்திலோ ஐ.இ.பி. ஆவணத்திலோ (இத்தகைய மாணவருக்குப் பள்ளி தர வேண்டிய வசதிகளைப் பட்டியலிடும் ஆவணங்கள்) கூடுதல் நேரம் எழுதித் தரப்பட்டிருந்து, வகுப்புத் தேர்வில் அது தரப்படாமல் போயிருந்தால், அது கிரேடு பற்றிய கருத்து வேறுபாடாக நிற்காமல் கூட்டாட்சிச் சட்ட மீறலாகிறது. ஏ.பி. மதிப்பெண் உண்மையில் வலிமை பெறுவது இங்கேதான்: கூடுதல் நேரத்துடன் எழுதிய தேர்வில் 5, கூடுதல் நேரமின்றி எழுதிய வகுப்புத் தேர்வுகளில் 75 என்று இருந்தால், வேறுபாட்டின் காரணத்தை அந்த 5 தெளிவாகக் காட்டுகிறது.
5. அனுமதிக்கப்பட்ட விடுப்பு. மருத்துவச் சான்று கொடுத்த நாள்களின் வேலையைத் திரும்பச் செய்ய வாய்ப்பு மறுக்கப்பட்டிருப்பது.

ஆசிரியர் கடுமையாகத் திருத்துபவர், அடுத்த வகுப்பு ஆசிரியர் தாராளமாகப் போடுகிறார், பிள்ளை 0.3 புள்ளியில் ஏவைத் தவறவிட்டாள் என்பவை பொதுவாக நிற்பதில்லை. 89.7ஐ 90 ஆக்க வேண்டும் என்று விதி இருந்தால் ஆக்கித்தான் தீர வேண்டும். விதி இல்லாவிட்டால் அது ஆசிரியரின் கருணையைச் சார்ந்தது, உரிமையைச் சார்ந்தது அல்ல.

கருத்தளவிலான மதிப்பீடு உள்ள பாடங்களில், ஆங்கிலக் கட்டுரை அல்லது வரலாற்று ஆய்வுத்தாள் போன்றவற்றில், நிலைமை சற்றுச் சிக்கலானது. ஏ.பி. கட்டுரைகளைத் திருத்துவோர் மாணவரை அறியாதவர்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதி வைத்த ஒரே மதிப்பீட்டுக் கட்டளையின்படி திருத்தப் பயிற்சி பெற்றவர்கள். வகுப்பில் தொடர்ந்து 70களையே வாங்கிய கட்டுரையாளர் அங்கே உச்ச மதிப்பெண் பெறும்போது, அந்த ஆசிரியர் எந்தக் கட்டளையின்படி திருத்தினார், அதை முன்பே மாணவர்களுக்குக் கொடுத்தாரா என்று கேட்பது முற்றிலும் நியாயம். எழுதிய கட்டளையே இல்லாமல் போட்ட மதிப்பெண் என்றால், தன்னிச்சையானது என்ற வாதம் வலுக்கும். கட்டளை இருந்து, அதன்படி காரணங்களும் ஓரத்தில் எழுதப்பட்டிருந்தால், 5 வந்தாலும் வகுப்புக் கிரேடு நிற்கும்.

## முறையிடும் வரிசை

முதல் பேச்சு ஆசிரியரோடு நடக்க வேண்டும், அதுவும் இயன்றால் மாணவரே பேச வேண்டும். ஆசிரியரைத் தாண்டி நேரே பிரின்சிபாலுக்கு எழுதினால், அங்கிருந்து வரும் முதல் பதில் ஆசிரியரிடம் பேசினீர்களா என்பதாகத்தான் இருக்கும். கலிபோர்னியாச் சட்டம் ஆசிரியரை எல்லாக் கட்டத்திலும் உள்ளே வைத்திருப்பதை முன்பே பார்த்தோம். அவரைப் பகைத்துக்கொண்டு கிரேடை மாற்றுவது நடைமுறையில் மிகக் கடினம். அதன் பிறகு கவுன்சிலர் எனப்படும் பள்ளியின் மாணவர் வழிகாட்டி அல்லது துறைத் தலைவர், பிரின்சிபால், மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலகம், வாரியம் என்று படிகள் போகும். ஒவ்வொரு படிக்கும் கெடு உண்டு. கையேட்டில் அது நாள் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்.

கடிதத்தின் தொடக்கமே அதன் கதியைத் தீர்மானிக்கிறது. என் மகள் 5 வாங்கியிருக்கிறாள், பி எப்படிச் சரி என்று தொடங்கும் கடிதம் ஆசிரியரின் தீர்ப்பையே கேள்விக்கு உள்ளாக்குகிறது. சட்டம் பாதுகாக்கும் இடத்தில் போய் மோதுகிறது. மார்ச் 14 அன்று ஒப்படைத்த ஆய்வக அறிக்கை கிரேடுபுக்கில் பூஜ்யமாக உள்ளது, ஒப்படைத்ததற்கான பதிவு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது, சரிபார்த்துத் தர வேண்டுகிறோம் என்று தொடங்கும் கடிதம் ஒரு செய்தியைச் சொல்கிறது. அதைச் சரிபார்ப்பது ஆசிரியரின் கடமை. ஏ.பி. மதிப்பெண்ணை எழுதுவதானால் கடைசிப் பத்தியில், துணைச் சான்றாக ஒரே வாக்கியத்தில் எழுதினால் போதும்.

## மாணவரின் மனக்குறையில் உள்ள நியாயம்

விதிப்படி சரி என்பது வேறு, விதியே சரியா என்பது வேறு. பாடத்தை முழுமையாகக் கற்ற ஒருவரின் பதிவேட்டில், வீட்டுப்பாடத் தாள்களுக்காகப் பி என்று எழுதிவிட்டு, அதைக் கல்லூரிகள் பாட அறிவின் அளவாகப் படிக்கும்படி விடுவது நேர்மையான பதிவு அல்ல என்றே இக்கட்டுரை கருதுகிறது. வேலைக்குப் போகும் பெற்றோருக்காகத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் மாணவருக்கும், மாலை முழுவதும் படிப்புக்கென்றே வாய்க்கும் மாணவருக்கும் வீட்டுப்பாடம் ஒரே சுமை அல்ல. பாட அறிவையும் பழக்கவழக்கத்தையும் தனித்தனிக் கட்டங்களில் பதிவு செய்யும் முறையைச் சில பள்ளி மாவட்டங்கள் கொண்டுவந்திருப்பது இந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

மறுபக்கமும் உண்மையானதே. சிகாகோ பொதுப் பள்ளிகளில் படித்து வெளியேறிய மாணவர்களைப் பற்றி 2020இல் வெளியான ஓர் ஆய்வு, கல்லூரிப் படிப்பை முடிப்பார்களா என்பதை முன்கூட்டிச் சொல்வதில், எஸ்.ஏ.டி. போன்ற இன்னொரு சேர்க்கைத் தேர்வான ஏ.சி.டி.யின் மதிப்பெண்ணைவிடப் பள்ளி ஜி.பி.ஏ. வலுவானது என்று கண்டது. தவறாமல் வேலையை ஒப்படைக்கும் பழக்கமும் அந்த ஜி.பி.ஏ.யில் கலந்திருப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு புறம், புகழ்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்.ஐ.டி. 2022இல் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. மதிப்பெண்களைக் கட்டாயமாகக் கேட்கும் விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. தன் கடினமான கணிதப் பாடங்களுக்கு மாணவர் தயாராக இருக்கிறாரா என்று அறிய அவை தேவை என்று காரணமும் சொன்னது. இரண்டு எண்களும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன என்பதால்தான் கல்லூரிகள் இரண்டையும் பார்க்கின்றன.

இந்த நியாயத்தைப் பேச வேண்டிய இடம் ஒரு பிள்ளையின் முறையீட்டுக் கடிதம் அல்ல, பள்ளி வாரியக் கூட்டம். கிரேடு விதிகளை வகுப்பது வாரியம். அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. அங்கே பேசினால் சென்ற ஆண்டின் பி மாறாது, வரும் ஆண்டின் சிலபஸ் மாறக்கூடும்.

## கிரேடு மாறாமலே நின்றுவிட்டால்

பதினொன்றாம் வகுப்பில் எழுதிய ஏ.பி. தேர்வின் 5, டிரான்ஸ்கிரிப்டில் உள்ள பியோடு சேர்ந்தே கல்லூரி விண்ணப்பத்தில் இடம்பெறுகிறது. விண்ணப்பப் படிவத்தில் ஏ.பி. மதிப்பெண்களுக்குத் தனி இடம் உண்டு. சேர்க்கை அலுவலர் இரண்டையும் அருகருகே வைத்துத்தான் படிக்கிறார். பாடத்தில் பி, தேர்வில் 5 என்பதைப் பார்க்கும் அனுபவமுள்ள கண்ணுக்கு, கடுமையாகக் கிரேடு போடும் ஆசிரியரோ ஒப்படைக்காத தாள்களோ என்ற கேள்வி எழும். அதற்கான பதிலைக் கவுன்சிலரின் பரிந்துரைக் கடிதம் தர முடியும். ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் கவுன்சிலரைப் பார்த்து, அந்த ஆண்டில் நடந்தது என்ன என்பதை எடுத்துச் சொல்வது பயனுள்ளது.

பன்னிரண்டாம் வகுப்பில் எழுதிய தேர்வென்றால் கணக்கு வேறு. சேர்க்கை முன்பே முடிந்திருக்கும். இறுதி டிரான்ஸ்கிரிப்டில் ஒரு பி இருப்பதால் இடம் பறிபோவது அரிது. அங்கே 5க்கு உள்ள பயன் கல்லூரிக் கிரெடிட், அதாவது அந்தப் பாடத்தைக் கல்லூரியிலேயே முடித்ததாகக் கணக்கில் கொள்வது. அரசுப் பல்கலைக்கழகங்கள் பல 3க்கே கிரெடிட் தருகின்றன. போட்டி மிகுந்த தனியார் பல்கலைக்கழகங்கள் 4 அல்லது 5 கேட்கின்றன, சில கிரெடிட் தராமல் மேல்நிலைப் பாடத்தில் நேரடியாகச் சேர மட்டும் அனுமதிக்கின்றன. கிரெடிட்டைத் தீர்மானிக்கும்போது பல்கலைக்கழகம் பார்ப்பது காலேஜ் போர்டு அனுப்பும் மதிப்பெண்ணை மட்டுமே. பள்ளி வகுப்பில் ஏ வாங்கினாரா பி வாங்கினாரா என்று அது கேட்பதில்லை.